573 குதிரைத்திறனிலிருந்து 270-க்கு: 1991 அக்யூரா என்எஸ்எக்ஸ் காருடன் பதினான்கு மாதங்கள்

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், மூன்று ஆண்டுகள் என்னிடமிருந்த 2017ஆம் ஆண்டின் அக்யூரா என்எஸ்எக்ஸ் காரை விற்றுவிட்டு, அதே பெயரைத் தாங்கி அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் வெளிவந்த 1991ஆம் ஆண்டுக் காரை வாங்கினேன். இரண்டும் ஹோண்டா நிறுவனத்தின் படைப்புகள். அமெரிக்காவில் இரண்டுக்கும் அக்யூரா என்ற முத்திரை. புதியதில் 573 குதிரைத்திறன், இரட்டை டர்போ வி6 எஞ்சினோடு மூன்று மின்மோட்டார்கள், ஒன்பது கியர்கள் கொண்ட இரட்டைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டி. பழையதில் 270 குதிரைத்திறன், டர்போ இல்லாத 3 லிட்டர் வி6 எஞ்சின், ஐந்து கியர்கள், இடது காலுக்கு ஒரு கிளட்ச் பெடல். வாங்கிய நாளிலிருந்து இந்தப் பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ ஆறாயிரம் மைல் ஓட்டிவிட்டேன். நண்பர்களில் இருவர் இதேபோன்றதொரு மாற்றத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பதால், இரண்டு கார்களோடும் வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் புதிய காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில், அதற்கென்றே அமைத்த சிறு ஆலையில் 2016 முதல் 2022 வரை கட்டப்பட்ட கார் அது. முன்சக்கரங்கள் இரண்டையும் எஞ்சினோடு இணைக்கும் தண்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு மின்மோட்டார் தனித்தனியே இருந்து, வளைவில் வெளிச்சக்கரத்தை உந்தியும் உள்சக்கரத்தை இழுத்துப் பிடித்தும் காரை உள்நோக்கித் திருப்பிவிடும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மூன்று வினாடி போதும். அதிகாலையில் அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் மின்சாரத்திலேயே மெல்ல வெளியேறவும் அதில் வழி உண்டு. மூன்று ஆண்டுகளில் எண்ணெய் மாற்றியதும் டயர் மாற்றியதும் தவிர வேறு செலவு வைக்கவில்லை.

அப்படியானால் ஏன் விற்றேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கலிஃபோர்னியாவின் ஸ்கைலைன் பூல்வார்டு மலைச்சாலையில் வழக்கமாகச் செல்லும் தூரத்தை ஓட்டி முடித்து வீட்டுக்குத் திரும்பியபோது, எந்த வளைவை நன்றாக எடுத்தேன், எதைச் சொதப்பினேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. எல்லா வளைவுகளும் ஒரே மாதிரி சரியாகக் கழிந்திருந்தன. நான் சற்று முன்னதாகத் திருப்பியிருந்தாலும் சற்றுத் தாமதமாகத் திருப்பியிருந்தாலும் முன்னிருந்த இரு மோட்டார்களும் அதைச் சரிசெய்துவிட்டிருந்தன. பிரேக் பெடலும் அப்படித்தான். அது சக்கரத்திலுள்ள பிரேக்கோடு நேரடியாகப் பேசுவதில்லை, ஒரு கணினியிடம் சொல்ல, அந்தக் கணினி எவ்வளவு மின்மோட்டாரால் நிறுத்துவது, எவ்வளவு டிஸ்க்கால் நிறுத்துவது என்று முடிவெடுக்கும். காலுக்குத் தெரியும் அழுத்தம், தெரியவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. மிக நன்றாகச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் அன்றைக்கு, என் வேலையை யாரோ எனக்கு முன்னாலேயே முடித்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது, வந்தபின் போகவில்லை.

இதோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது. கலிஃபோர்னியாவின் இருவழிச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 55 மைல். புதிய கார் அந்த வேகத்தை மூன்று வினாடிக்குள் எட்டிவிடும். அதற்குமேல் சட்டத்துக்கு உட்பட்டு அந்தக் காரிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. பந்தயத் தளத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை செல்பவன் நான். மீதி நாள்களெல்லாம் 84ஆம் எண் சாலையிலும் ஸ்கைலைனிலும்தான்.

பழைய என்எஸ்எக்ஸ் 1990 முதல் 2005 வரை உற்பத்தியானது. அதில் 1991ஐத் தேடியதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. 1995ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மின்னணுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதற்கு முந்தையவற்றில் பெடலிலிருந்து எஞ்சின்வரை ஓடுவது ஒரு சாதாரண எஃகுக் கேபிள். அதே ஆண்டு முதல் அமெரிக்காவுக்கு வந்த கார்களில் மிகப் பெரும்பாலானவை கழற்றக்கூடிய கூரை கொண்டவை. எனக்கு மூடிய கூரையின் விறைப்பு வேண்டியிருந்தது. மூன்றாவதாக, அக்காலக் கையியக்கக் கியர் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. 1997இல் வந்த 3.2 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் பெட்டியும் கூடுதல் வலுவுள்ளவை என்பதை அறிவேன். ஆயினும் நான் தேடியது வலுவை அன்று.

பவர் ஸ்டீயரிங் இல்லை என்பதை முதல் வாரம் என் தோள்கள் உணர்ந்தன. நின்ற காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பவே கூடாது. நத்தை வேகத்திலாவது உருள விட்டுத்தான் திருப்பவேண்டும். கடை வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தும்போது இன்றும் சட்டை நனைந்துவிடுகிறது. ஆனால் மணிக்கு 15 மைலைத் தாண்டியதும் அந்தக் கனம் கரைந்து, அதன் இடத்தில் சாலை வந்து அமர்கிறது. தார் ஒட்டுப்போட்ட இடம், சாலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும் இடம், மர நிழலில் காயாத ஈரம், எல்லாமே உள்ளங்கையில் வந்து விழுகின்றன. வளைவுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே வரும். முன்டயரின் பிடி குறையத் தொடங்கும் கணத்தில் அந்தக் கனம் இலேசாகக் குறையும். அந்தச் சிறு தளர்வைக் கை அறிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அறிந்துகொண்ட பிறகு, முன்சக்கரம் எவ்வளவு தாங்கும் என்பதை நான் ஊகித்து ஓட்டவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

கியரைப் பற்றி எழுதாமல் இந்தக் காரைப் பற்றி எழுத முடியாது. ஸ்கைலோண்டாவில், ஸ்கைலைன் எனப்படும் 35ஆம் எண் சாலையிலிருந்து பிரிந்து, 84இல் லா ஹோண்டா வழியாகக் கடலை நோக்கி இறங்கும்போது, ரெட்வுட் மரங்களுக்கு நடுவே சாலை மடிந்து மடிந்து செல்லும். மூன்றாம் கியரில் வந்து, வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்து, வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கிலேயே இருக்க அதன் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றி, அந்த ஒரு நொடிக்குள் இடது கால் கிளட்ச்சை அமுக்க, வலது கை இரண்டாம் கியருக்கு இழுக்கவேண்டும். சுற்று சரியாகப் பொருந்தினால் கியர் கம்பி இழுத்த மாத்திரத்தில் தானாகவே உள்ளே சென்று அமரும். காரில் அசைவே தெரியாது. பொருந்தாவிட்டால் பின்பக்கம் ஒரு குலுக்கல் குலுக்கி, பிழை என்னுடையது என்று தெரிவித்துவிடும். கியர் கம்பியின் வீச்சு மிகக் குறுகியது, மணிக்கட்டை அசைத்தாலே போதும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கியர்ப்பெட்டிவரை நீண்ட கேபிள்கள் ஓடுகின்றன; அப்படியிருந்தும் எந்த இடத்திலும் குழைவு இல்லை. காலையில் எண்ணெய் சூடேறும்வரை இரண்டாம் கியரைச் சற்றுப் பொறுமையாகப் போடவேண்டும், அவ்வளவே. கியர் வண்டியில் ஓட்டப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பதினைந்து ஆண்டுகள் தானியங்கிக் கார்களிலேயே கழிந்தும் இடது கால் தன் வேலையை மறந்திருக்கவில்லை.

ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், லா ஹோண்டாவிலிருந்து மேலேறும்போது ஏழு வளைவுகளில் ஐந்தைச் சரியாக எடுத்தேன். எந்த ஐந்து என்று இன்றும் என்னால் சொல்லமுடியும்.

எஞ்சின் 2,977 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கோல்களை டைட்டானியத்தில் செய்திருக்கிறார்கள்; பெருமளவில் உற்பத்தியான கார்களில் அன்றுவரை யாரும் செய்யாதது அது. எடை குறைந்ததால்தான் நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை அந்த எஞ்சினை ஓடவிட முடிந்தது. 5,800 சுற்றை நெருங்கும்போது விடெக் என்ற ஹோண்டாவின் வால்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு, வால்வுகளை அவற்றைத் திறக்கும் வேறு கேம்களுக்கு மாற்றிவிடும். அதுவரை நாகரிகமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த எஞ்சின், அந்தக் கணத்திலிருந்து தொண்டையைத் திறந்து பாடுகிறது; தலைக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடி வழியே அந்த ஒலி நேராகக் காதில் இறங்குகிறது. டர்போ எஞ்சினில் கால் வைத்தவுடன் முதுகில் ஒரு தள்ளு விழும். இதில் அப்படி இல்லை. வலு வேண்டுமானால் சுற்றை ஏற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளவேண்டும். எடை ஏறத்தாழ 1,370 கிலோ மட்டுமே என்பதால் அது போதுமானதாகவும் இருக்கிறது. புதிய கார் இதைவிட முந்நூற்றைம்பது கிலோ கனமானது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் இந்தக் காரைப் புகழ்பவர்கள் இதை மெல்லக் கடந்துவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு வந்த இந்தக் கார்களில் ஐந்து கியர் பெட்டியின் பல் விகிதம் மிக நீளமானது, அதாவது ஒவ்வொரு கியரும் அதிக வேகம்வரை நீளும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே பெரிய இடைவெளி. இரண்டாம் கியரிலேயே 8,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் மணிக்கு 80 மைலை எட்டிவிடும். அதாவது 55 மைல் வரம்புள்ள சாலையில், எஞ்சின் பாடத் தொடங்கும் அந்த மேல்பகுதியை இரண்டாம் கியரில் கேட்கவே வழியில்லை. முதல் கியரில் ஒருமுறை, அவ்வளவுதான். கியர்ப்பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் இறுதிப் பல் விகிதத்தை 4.06-இலிருந்து 4.23-ஆக மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. நானும் அதைச் செய்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கியர்ப்பெட்டியை வேறு காரணத்துக்காகத் திறக்கும் நாள்வரை காத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்தக் காரை இன்று மனிதன் கையில் ஓடும் பழங்காலத்துக் காராக எல்லோரும் கொண்டாடுகிறோம். வந்த காலத்தில் இதன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டோ நேர்மாறானது. இத்தாலியக் கார்களுக்குப் பழகிய எழுத்தாளர்கள் சிலர், இது ஓட்டுவதற்கு மிகவும் எளிதாக இருக்கிறது, சூப்பர் காருக்குரிய முரட்டுத்தனம் இல்லை, உயிரில்லை என்று எழுதினார்கள். தலைமைப் பொறியாளர் ஷிகேரு உஎஹாராவின் குழு விரும்பிச் செய்ததுதான் அந்த எளிமை. எஃப்-16 போர்விமானத்தின் விமானியறையைப் பார்த்து முன்கண்ணாடியையும் தூண்களையும் அமைத்தார்கள். அதனால் இவ்வளவு தாழ்ந்த காரில் உட்கார்ந்தும் நாலாபக்கமும் தெரிகிறது. கார் உடலை முழுக்க அலுமினியத்தில் செய்தார்கள். 1989இல் ஜப்பானின் சுஸுகா பந்தயத் தளத்தில் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா ஒன் வீரர் அயர்ட்டன் சென்னா, கட்டமைப்பு சற்று நொய்ந்ததாக இருக்கிறது என்று சொன்னதும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து அதை இன்னும் விறைப்பாக்கினார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, சொகுசுக்கும் கையாளுதலுக்கும் தனக்கு அளவுகோலாக இருந்தது என்எஸ்எக்ஸ்தான் என்று சொல்லியிருக்கிறார். தனக்கென்று ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டியவரும்கூட.

ஆக, எளிமை வேறு, ஓட்டுபவனின் வேலையைப் பிடுங்கிக்கொள்வது வேறு என்பது இந்த இரண்டு கார்களையும் அடுத்தடுத்து ஓட்டியபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று. பழைய காரிலும் ஏபிஎஸ் இருக்கிறது, சக்கரம் வழுக்காமல் காக்கும் அமைப்பு இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கைக்கு எல்லாம் எட்டும், கிளட்ச் இலேசாக இருக்கும், நெரிசலில் எஞ்சின் சூடேறாது. வழியிலுள்ள தடைகளையெல்லாம் அகற்றிவிட்டு, ஓட்டுவதை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

பராமரிப்புக்கு வருகிறேன். இங்குதான் புதிய காரிலிருந்து மாறுபவர்கள் திடுக்கிடுவார்கள்.

எனக்கு விற்றவர், எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்தியங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை நான்கு ஆண்டுகளுக்கு முன் மாற்றிவிட்டதாகச் சொன்னார்; ரசீதைத் தேடித் தருகிறேன் என்றார், கடைசிவரை தரவில்லை. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். வாங்கிய இரண்டாம் வாரம் மெக்கானிக் மூடியைக் கழற்றி பெல்ட்டைக் காட்டினார்: ஓரங்கள் நார்நாராகப் பிரிந்திருந்தன, முதுகில் முடியிழை போல வெடிப்புகள் ஓடின. நான்கு ஆண்டு பெல்ட் அப்படி இருக்காது. அதை வைத்துக்கொண்டு நான் இருநூறு மைல் ஓட்டியிருந்தேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. பெல்ட்டோடு தண்ணீர்ப் பம்ப்பையும் குளிர்நீர்க் குழாய்களையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன்.

இரண்டாவது அடி டயரில் விழுந்தது. தொடக்ககால என்எஸ்எக்ஸில் பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் கணிசமாக உள்நோக்கித் திருப்பி வைக்கப்பட்டவை. நிலைப்புக்கு அது நல்லது, டயருக்குக் கெட்டது. வாடிக்கையாளர்கள் குறைகூறியதால் ஹோண்டாவே பின்னர் அந்த அளவைத் தளர்த்தியது. நான் வீட்டுக்கருகிலுள்ள ஒரு கடையில் சக்கர ஒழுங்கைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர்கள் இந்தக் காரைப் பற்றி அறியாமல் ஏதோ ஓர் அளவில் வைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாயிரம் மைலில் பின்டயர்களின் உள்விளிம்பில் நூல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும். குனிந்து உட்புறம் கைவைத்துத் தடவினால்தான் தெரியும். இப்போது மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். 1991 காரின் சக்கர அளவு முன்னால் 15 அங்குலம், பின்னால் 16 அங்குலம். இந்த அளவில் நல்ல டயர்கள் இன்று கைவிரல் விட்டு எண்ணக்கூடியவையே.

குளிர்சாதனக் கட்டுப்பாட்டுப் பலகையின் மின்தேக்கிகள் வயதானால் கசிவதும், ஒலிபெருக்கிகளில் அதே நோய் வருவதும், கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறி தளர்வதும் இந்தக் கார்களில் எல்லோரும் அறிந்தவை. என் காரில் முதலிரண்டும் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தன. பயப்படவேண்டியது வேறொன்று: ஒரு காலத்தில் செய்த கியர்ப்பெட்டிகளில், உள்ளிருக்கும் ஒரு வளையம் அமரவேண்டிய பள்ளத்தைச் சற்று அகலமாகக் கடைந்துவிட்டார்கள். வளையம் உடைந்தால் பெட்டி முழுவதும் சேதமாகும். பெட்டியின்மேல் பொறித்த எண் 1003542 முதல் 1005978 வரையிலான வரிசைக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். என்னுடையது அதற்கு வெளியே இருந்தது. உள்ளே இருந்திருந்தால் வேறு காரைத் தேடியிருப்பேன்.

புதிய காரை விற்ற பணத்தில் பழையதை வாங்கி, இந்தப் பழுதுகளையெல்லாம் பார்த்தபிறகும் மிச்சமிருந்தது. எனவே பணக்கணக்கில் எனக்கு நட்டமில்லை. ஆனால் அந்த மிச்சத்தை நான் மிச்சமாகவே கருதவில்லை. தனிக்கணக்கில் போட்டு, காருக்கென்றே வைத்திருக்கிறேன்.

இழந்தவையும் உண்டு. சென்ற டிசம்பரில் ஸ்கைலைனில் மழையும் மூடுபனியும் சேர்ந்து பிடித்துக்கொண்டபோது, புதிய காரின் நான்கு சக்கர விசையையும் அதன் பளீரென்ற எல்இடி விளக்குகளையும் உண்மையாகவே நினைத்து ஏங்கினேன். பழைய காரின் விளக்குகள் இமை திறப்பதுபோல மேலெழும் அழகைப் பார்க்க என் மகளுக்கு அவ்வளவு பிடிக்கும். அவை சாலையில் போடும் வெளிச்சமோ மிகக் குறைவு. ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் இலேசாக வெளியே நகரும். இரண்டுமுறை நகர்ந்திருக்கிறது. காற்றுப்பை ஓட்டுநருக்கு மட்டும்தான். குடும்பத்தோடு மழைக்காலத்தில் மலைப்பாதையில் போவதற்கு நான் இதை எடுப்பதில்லை. அதற்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு 101ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஊர்ந்தபோதும் புதிய காரின் அமைதி நினைவுக்கு வந்தது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட ஒரே கார்தான் என்பவருக்கு நான் புதியதையே சொல்வேன், தயக்கமின்றி.

வார இறுதிக்கென்று தனியாக ஒரு காரை வைத்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு, அதை ஓட்டுவதில் தேர்ச்சிபெற விரும்புபவருக்கு, 1991 முதல் 1994 வரையிலான கையியக்கக் கியர் என்எஸ்எக்ஸை முழுமனத்தோடு பரிந்துரைக்கிறேன். காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஓடவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் எப்படி விழுகிறது என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். அலுமினிய உடலில் அடிபட்ட இடத்தை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், முன்மூடியின் அடியிலும் பின்பெட்டியின் தரைவிரிப்புக்கு அடியிலும் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பின்டயர்களின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். பெல்ட் மாற்றிய ரசீது கையில் வரவில்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைப் பேசி, காரை அங்கிருந்து மெக்கானிக்கிடம் ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.